பத்து நாள் பரோபகாரம்

சென்ற ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமையன்று, திண்டுக்கல்லிலிருந்து மேற்கே செல்லும் சாலையிலுள்ள குழந்தைகள் விடுதியொன்றைக் காணும் சந்தர்ப்பம் நமக்கு வாய்த்தது. விடுதியின் பெயர் இங்கே அவசியமில்லை. அமெரிக்காவில் ஏதோ ஒரு நகரத்துச் சபையைச் சேர்ந்த வாலிபர்களும் யுவதிகளுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் அன்று அங்கே தொண்டு செய்துகொண்டிருந்தனர். வெயிலில் முகம் சிவக்க, உடைகளில் சாயம் தெறிக்க, அவர்கள் சுற்றுச் சுவருக்கு நீல வர்ணம் பூசினர். சென்ற வருஷம் வந்த கூட்டத்தார் அதே சுவருக்கு மஞ்சள் பூசினார்களாம். அடுத்த வருஷத்தார் எந்த வர்ணம் பூசுவார்கள் என்று சமையற்காரம்மாள் நம்மிடம் சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்தச் சுவர் சாயத்தாலேயே தடித்துப்போயிற்று என்பது அவளுடைய அபிப்பிராயம்.

நாம் திண்ணையில் அமர்ந்ததும் ஏழு வயதிருக்கக்கூடிய ஒரு சிறுமி அருகில் வந்து நின்றாள். நம் பெயரையோ ஊரையோ அவள் கேட்கவில்லை. "நீங்க என்னைக்குப் போவீங்க?" என்பதே அவளுடைய முதற் கேள்வி. புதிதாக வருகிறவர் எவரிடமும் அவள் முதலில் கேட்பது இதுதான் என்று பிறகு அறிந்தோம். வந்தவர் போகும் நாளைத் தெரிந்துகொண்டு, அதற்குத் தக்கபடி தன் பிரியத்தை அளந்து கொடுக்க அந்தக் குழந்தை கற்றுக்கொண்டிருக்கிறது. இந்த வித்தையை அவளுக்குக் கற்பித்தவர்கள் கொடியவர்கள் அல்லர். ஆண்டுதோறும் வந்து, கட்டியணைத்து, பாட்டுப் பாடி, படமெடுத்துக்கொண்டு, கண்ணீருடன் விடைபெற்ற நல்லவர்களே கற்பித்தார்கள்.

அந்த வாலிபர்களின் மனத்தூய்மையில் நமக்குச் சந்தேகம் சிறிதும் இல்லை. மத மாற்ற விவாதத்தையும் இங்கே இழுக்க நாம் விரும்பவில்லை. அது வேறு விஷயம். கடல் கடந்து வந்து அநாதைக் குழந்தைகளுக்குப் பத்து நாள் ஊழியம் செய்வது அக்குழந்தைகளுக்கு நன்மையா, தீமையா என்ற ஒரே கேள்வியைத்தான் இங்கு ஆராயப் புகுகிறோம்.

பத்து நாள் ஊழியம் என்பது புதிய சரக்கு. அமெரிக்கன் மதுரை மிஷன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 1834-ல் மதுரையில் கால் ஊன்றி, அடுத்த வருஷமே திண்டுக்கல்லிலும் தன் நிலையத்தை அமைத்தது. அக்காலத்தில் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறியவர் தமிழ்நாட்டு மண்ணை மிதிக்க மாதக்கணக்கில் கடலில் மிதக்க வேண்டும். அப்படி வந்தவர் தமிழைப் படித்தார். வெயிலையும் காலராவையும் விஷக்காய்ச்சலையும் எதிர்கொண்டார். மனைவி மக்களைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. சமவெளியின் சுரத்துக்கு அஞ்சி அவர்கள் 1845-ல் கோடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டிய கதையைத் திண்டுக்கல்வாசிகள் அறிவார்கள். அவர்களுடைய கொள்கைகளில் நாம் ஒப்பாதவை பல உண்டு. வெள்ளை அதிகாரத்தின் நிழலில் அவர்களுக்குக் கிடைத்த சலுகைகளும் சிறியன அல்ல. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர்களிடம் நியாயம் கேட்க ஊர் ஜனங்களால் முடிந்தது. இன்று தவறு செய்தவர் நாளையும் அதே தெருவில் நடந்தாக வேண்டியிருந்தது.

ஆகாய விமானம் வந்தபின் இந்த நிலைமை மாறிவிட்டது. இரண்டு நாளில் வந்து, பத்து நாள் இருந்து, இரண்டு நாளில் திரும்பலாம். மொழி வேண்டாம், பயிற்சி வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இரக்கம் ஒன்றே போதும் என்றாகிவிட்டது. தங்கள் ஊரில் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குள் போலீஸ் விசாரணைச் சான்றிதழ் இல்லாமல் நுழைய முடியாதவர்கள், ஏழை நாட்டில் அநாதைக் குழந்தையை முதல் நாளே மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். வெள்ளை முகமும் நல்ல எண்ணமும் சான்றிதழுக்குப் பதிலாகிவிடுகின்றன.

நிற்க. இக்குழந்தைகள் உண்மையில் அநாதைகள்தாமா? உலகெங்கும் விடுதிகளில் வளரும் குழந்தைகளில் ஐந்தில் நால்வருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது உயிருடன் இருக்கின்றனர் என்று, குழந்தைகளைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட சர்வதேச ஸ்தாபனமான 'சேவ் தி சில்ரன்' 2009-ல் வெளியிட்ட அறிக்கை கூறியது. கம்போடியா தேசத்தை எடுத்துக்கொள்வோம். 2005-லிருந்து 2010-க்குள் அங்கே குழந்தைகள் விடுதிகளின் தொகை 75 சதவிகிதம் பெருகிற்று. அந்த ஐந்து வருஷத்தில் கம்போடியாவில் யுத்தமில்லை, கொள்ளைநோயும் இல்லை. பெற்றோரை இழந்த குழந்தைகள் பெருகவில்லை, விருந்தினர்தான் பெருகினார்கள். விடுதிக் குழந்தைகளில் நான்கில் மூவருக்குப் பெற்றோர் ஒருவராவது இருந்தனர்.

இதன் சூட்சுமத்தைத் திண்டுக்கல் வியாபாரிக்கு விளக்க வேண்டியதில்லை. நூலுக்குக் கிராக்கி வந்தால் ஆலை எழும்புகிறது. ஆலை எழும்பினால் பஞ்சு தேடி ஆள் புறப்படுகிறது. அநாதைகளைக் காண வருகிறவர்கள் பணத்துடன் வரும்போது, அநாதைகளைத் தேடியும் ஆள் புறப்படுகிறது. தரகன் ஏழைக் குடிசைக்குச் சென்று, "பிள்ளைக்குச் சோறும் இங்கிலீஷ் படிப்பும் இலவசம்" என்கிறான். தாய் நம்புகிறாள். நேபாளத்து மலைக் கிராமங்களிலிருந்து இவ்விதமே குழந்தைகள் தலைநகரத்து விடுதிகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். இதை ஆராய்ந்த ஆஸ்திரேலியப் பாராளுமன்றக் குழு 2017-ல் அறிக்கை சமர்ப்பித்தது. அதன் பின் 2018-ல் நிறைவேறிய நவீன அடிமைமுறைச் சட்டத்தை ஒட்டி, விடுதிக்கென்று குழந்தைகளைக் கடத்துவதை அடிமை வியாபாரத்தில் ஒரு வகையாக அந்நாடு அங்கீகரித்தது. தன் சபைகளும் பள்ளிக்கூடங்களும் அனுப்பிய தொண்டர்கள் எந்தச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை அந்தத் தேசம் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையும், விடுதிகளில் தொண்டர் சுற்றுலாவால் விளையும் தீங்கைக் குறித்துத் தன் தீர்மானத்தில் எச்சரித்தது.

ஹெயிட்டித் தீவில் நடந்ததையும் கேளுங்கள். 2010 ஜனவரியில் அங்கே பூகம்பம் உண்டாகி, தலைநகரம் இடிந்து விழுந்தது. இரண்டு வாரங்களுக்குள் அமெரிக்காவிலிருந்து பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்த பத்துப் பேர் வந்தார்கள். 33 குழந்தைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, தக்க அனுமதிப் பத்திரங்கள் இல்லாமல், அண்டை நாட்டு எல்லையை நோக்கிப் புறப்பட்டார்கள். எல்லையில் பிடிபட்டார்கள். அநாதைகளை ரட்சிக்கவே வந்ததாகச் சொன்னார்கள். அதை அவர்கள் நம்பவும் செய்திருக்கலாம். ஆனால் அந்தக் குழந்தைகள் அநாதைகள் அல்ல. அவர்களுக்குப் பெற்றவர்கள் இருந்தார்கள் என்று பின்னர் தெரியவந்தது. இடிபாடுகளுக்கிடையே உண்ண உணவற்றுத் தவித்த பெற்றோர், நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கும் என்ற ஆசையில் தங்கள் கையாலேயே பிள்ளைகளைக் கொடுத்திருந்தனர். வீடும் ஒரு மூட்டை அரிசியும் கொடுத்திருந்தால் அந்தத் தாய்மார்கள் பிள்ளைகளை ஏன் கொடுக்கப்போகிறார்கள்?

இது எங்கோ தீவில் நடந்த கதையென்று நாம் தள்ளிவிட முடியாது. திண்டுக்கல் சமவெளி மழையை நம்பிய பூமி. வேடசந்தூர்ப் பக்கத்துப் புன்செயில் மழை பொய்த்தால் குடும்பம் இரண்டாகப் பிரிகிறது. தகப்பன் ஒரு திக்கிலும், தாய் திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலும் வேலை தேடுகிறார்கள். பாட்டி இருந்தால் பிள்ளை பாட்டியிடம், இல்லாவிட்டால் விடுதியில். குடித்து இறந்த தகப்பன், மறுமணம் செய்துகொண்ட தாய், நோயாளிப் பாட்டி ஆகிய மூன்று காரணங்களுமே நம் ஊரில் குழந்தையை அநாதையாக்கப் போதுமானவை. பெண் சிசுவானால் பிறந்தவுடனேயே கைவிடும் கொடுமையும் இத்திக்கில் இருந்தது. 1992-ல் சேலத்தில் ஆரம்பமான தொட்டில் குழந்தைத் திட்டம் பிற்பாடு திண்டுக்கல்லுக்கும் வந்ததன் காரணம் இதுவே. இவற்றுள் எந்தக் காரணத்துக்காவது சுவருக்கு நீலச் சாயம் பூசுவது பரிகாரமாகுமா?

குழந்தைக்கு வேண்டியது சோறு மட்டுமல்ல என்பதை நம் பாட்டிமார் அறிவார்கள். இப்பொழுது விஞ்ஞானிகளும் அறிந்துவிட்டார்கள். ருமேனியாவின் தலைநகரில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், விடுதியில் கிடந்த 136 கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, பல வருஷம் கவனித்து வந்தனர். குடும்பத்தில் சேர்ந்த குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சியில் தெளிவான அபிவிருத்தி தென்பட்டது. எவ்வளவு சீக்கிரம் குடும்பம் கிடைத்ததோ அவ்வளவு நன்மை. ஒரே முகம் காலையில் எழுப்பி இரவில் தூங்கவைப்பது குழந்தையின் மூளைக்கே உணவு போன்றது. பத்து நாளைக்கொரு புது முகம் அந்த உணவைத் தராது. தந்ததையும் பிடுங்கிக்கொண்டு போகிறது.

அப்படியானால் அந்நியர் எவரும் வரவே கூடாதா என்று சிலர் கேட்கலாம். அவ்விதம் நாம் சொல்லவில்லை. அதற்குத் திண்டுக்கல் ஜில்லாவே சாட்சி.

ரால்ப் ரிச்சர்ட் கெய்தான் என்ற அமெரிக்கர் 1925-ல் மதுரை மிஷனின் பாதிரியாராக வந்தார். ஏழைகளுக்கு உபதேசிக்க வந்தவர், ஏழைகளிடம் பாடம் கேட்கலானார். காந்தியடிகளின் இயக்கம் அவரை ஈர்த்தது, கதர் உடுத்தினார். 1930 மார்ச்சில் காந்தியடிகள் வைஸ்ராய்க்கு எழுதிய கடிதத்தை எடுத்துச் சென்ற ரெஜினால்ட் ரேனால்ட்ஸ் என்ற ஆங்கில இளைஞரை மதுரையில் தம் வீட்டில் விருந்தினராக ஏற்றார். அவ்வளவுதான்! அந்நிய மிஷனரிகள் ராஜ்ய விசுவாசத்துக்கு உறுதி கொடுத்துத்தான் இந்நாட்டில் காலம் தள்ள முடிந்த நாட்கள் அவை. கெய்தான் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. மீண்டும் வந்தார், பெங்களூர்ச் சேரிகளில் உழைத்தார், 1944-ல் மீண்டும் வெளியேற்றப்பட்டார். சுதந்திரம் வந்த 1947-ல் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்து, காந்திகிராமத்துக்கும் இந்த ஜில்லாவின் கிராமங்களுக்கும் தம் எஞ்சிய ஆயுளைக் கொடுத்தார். சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன் இளமையில் அவருடன் உழைத்தவர். இரண்டு முறை வெளியேற்றியும் திரும்பி வந்த இந்த மனிதரிடம், "நீங்கள் என்றைக்குப் போவீர்கள்?" என்று திண்டுக்கல் குழந்தை எதுவும் கேட்டிராது. அந்தக் கேள்வியைக் கேட்டது வெள்ளை அரசாங்கந்தான்.

ஒட்டன்சத்திரத்துக் கிறிஸ்தவ ஐக்கிய ஆஸ்பத்திரியும் இத்தகையதே. கேரளத்திலிருந்து வந்த தாரியன், ஜேக்கப் செரியன் என்ற இரு இளம் டாக்டர்கள் 1955-ல் அதைத் தொடங்கினார்கள். அவர்களை இவ்வூருக்கு அழைத்தவர்களில் கெய்தானும் ஒருவர். வேற்று மொழி பேசும் நாட்டிலிருந்து சபையின் தூண்டுதலால் வந்த தொண்டர்கள்தாம் அவர்களும். ஆனால் சந்தைக்கு வரும் குடியானவனுடைய தமிழைக் கற்றார்கள், ஊரில் தங்கினார்கள், ஊரின் மனிதர்களாகவே ஆனார்கள்.

நம்மவர் செய்த காரியத்தையும் மறக்கலாகாது. டி. வி. சுந்தரம் ஐயங்காரின் புதல்வி சௌந்தரம் இளமையில் விதவையானவர். கைம்பெண்ணுக்கு ஊர் விதித்த மூலையில் ஒடுங்காமல் டில்லியில் வைத்தியம் படித்துத் தேறினார். ஜாதிக் கட்டுப்பாட்டைக் கடந்து ஜி. ராமச்சந்திரனை 1940-ல் மறுமணம் புரிந்தார். 1947-ல் இருவருமாகச் சின்னாளபட்டிக்கருகில் காந்திகிராமத்தை ஸ்தாபித்தார்கள். சிறு வைத்தியசாலையாய் ஆரம்பித்தது கஸ்தூரிபா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. தாயற்ற குழந்தைகளுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் ஏற்பட்ட சௌபாக்ய இல்லம் என்ற பெயரிலேயே அந்த அம்மையாரின் உள்ளம் தெரிகிறது. அநாதை ஆசிரமம் என்று பலகை மாட்ட அவர் சம்மதிக்கவில்லை. பாக்கியமற்றவர்கள் என்று உலகம் சொன்ன குழந்தைகள் வாழும் வீட்டுக்குச் சௌபாக்கியம் என்று பெயர் வைத்தார். கைவிடப்பட்ட சிசுவைச் சட்டப்படி தத்துக் கொடுத்து ஒரு குடும்பத்தில் சேர்ப்பதும் அங்கே நடந்துவரும் பணி. விடுதியில் குழந்தைகளின் தொகை பெருகுவதைக் காட்டி நன்கொடை கேட்பதற்கும், தொகை குறையும்படி குழந்தைகளை வீடு சேர்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

அந்நியரைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தலைவர் பிறந்தநாளென்றால் கட்சித் தொண்டர்கள் எங்கே போகிறார்கள்? அநாதை விடுதிக்குத்தான். பிரியாணிப் பொட்டலமும் இனிப்பும் நோட்டுப் புத்தகமும் கொடுத்து, குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, படம் பிடித்து, மறுநாட் பத்திரிகையில் வெளியிடுகிறார்கள். (அப்படங்களை வெளியிடும் பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு, நாம் அதை மறுக்கவில்லை.) பணக்கார வீட்டுக் கல்யாண நாள், காலமான பெரியவரின் திதி, கல்லூரி மாணவர்களின் தொண்டு முகாம் எல்லாமே அந்தக் குழந்தையின் முற்றத்தில்தான். ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டார் விருந்து வைத்து, மூன்றாம் இலையில் உட்கார மாட்டோமென்று குழந்தைகள் அழுத கதையை நாம் கேட்டதுண்டு. அடுத்த புதன்கிழமை ரசஞ்சோறுதான். பத்து நாள் வந்துபோகும் அமெரிக்கரைப் பரிகசிக்கும் நாம், இரண்டு மணி நேரத்தில் வந்துபோகிறோம். இப்பொழுது நம் தமிழ்ச் சபைகளும் கல்லூரிகளும் வேற்று நாடுகளுக்குத் தொண்டர் கூட்டங்களை அனுப்பத் தொடங்கியிருக்கின்றன. நமக்குச் செய்யப்பட்டதை நாம் ஆப்பிரிக்கக் குழந்தைக்குச் செய்யப் புறப்படுவதுதான் முன்னேற்றமா?

கணக்கை எழுதிப் பார்ப்போம். அமெரிக்காவிலிருந்து மதுரைக்கு வந்துபோக ஒருவருக்கு ஆயிரம் டாலர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேலாகிறது. மத்திய அரசாங்கத்தின் மிஷன் வாத்சல்யத் திட்டத்தில், குழந்தை தன் குடும்பத்திலேயே வளரும் பொருட்டு மாதம் 4,000 ரூபாய் உதவி விதிக்கப்பட்டுள்ளது. ஒருவருடைய பிரயாணச் செலவில் ஒரு குழந்தையை இருபது மாதம் அதன் பாட்டியிடமே வைத்திருக்கலாம். பத்துப் பேர் வந்தால் பத்துக் குழந்தைகள். கொரோனாக் கொள்ளைநோயில் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 2021-ல் தமிழ்நாடு அரசாங்கம் ஐந்து லட்ச ரூபாய் வைப்பு நிதி ஏற்படுத்தியதோடு, உறவினர் வீட்டில் வளரும் குழந்தைக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் பதினெட்டு வயதுவரை கொடுக்க உத்தரவிட்டது. குழந்தையை விடுதிக்கு இழுக்காமல், பணத்தைச் சிற்றப்பன் வீட்டுக்கு அனுப்பிய இந்த ஏற்பாடு நியாயமானது. பணம் போதாது என்று குறை கூறலாம். போகும் திக்கு சரியானது.

சட்டமும் இதையே சொல்கிறது. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தையை விடுதியில் வைப்பது வேறு வழி எதுவும் இல்லாதபோது செய்ய வேண்டிய கடைசிக் காரியம். ஒவ்வொரு விடுதியும் பதிவு பெற வேண்டும். கண்டெடுத்த குழந்தையை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின்முன் ஆஜர்படுத்த வேண்டும். சுற்றுலா அனுமதியில் வருகிறவர் மதப் பிரசாரம் செய்யலாகாது என்பதும் விதி. விதிகள் காகிதத்தில் தூங்குகின்றன என்று சொல்வது எளிது. அவற்றைத் தட்டி எழுப்ப யார் போனார்கள்? விடுதிக்குப் போகும் நன்கொடையாளர், "பதிவுப் பத்திரம் எங்கே? இக்குழந்தையின் தாய் எங்கே? கடைசியாக எப்பொழுது வீட்டுக்குப் போயிற்று?" என்று கேட்டால் போதும். இம்மூன்று கேள்விக்கும் முகஞ்சுளிக்காமல் பதில் சொல்லும் விடுதிகள் நம் ஜில்லாவில் உண்டு. அவற்றுக்குத் தாராளமாக உதவுங்கள். சாயமாகவும் பொட்டலமாகவும் வேண்டாம், வளர்ப்புத் தாய்மாரின் சம்பளமாகக் கொடுங்கள். சம்பளம் போதாமல் ஆயாமார் ஆறு மாதத்துக்கொருவராக மாறிப்போவதுதான் குழந்தைகளுக்கு நேரும் முதல் நஷ்டம். ஆயா நிலைத்தால் பாதி வீடு நிலைத்தது.

தேசத் தொண்டு செய்ய விரும்பும் வாலிபர்களுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. பெற்றோர் வளர்க்க இயலாத குழந்தையைத் தகுதியுள்ள குடும்பமொன்று அரசாங்கத்தின் மேற்பார்வையில் தன் வீட்டில் வைத்து வளர்க்கலாம். அது தத்து அல்ல, குழந்தையின் சொந்த வீடு நிமிரும் வரையிலான பொறுப்பு. ஜாதி பார்த்து, நிறம் பார்த்து, பெண்ணா பிள்ளையா என்று பார்த்துப் பின்வாங்கும் நம்முடைய பழக்கம் இதற்குப் பெரும் முட்டுக்கட்டை. ஹரிஜன சேவை பேசிய வீடுகளிலும் அந்தப் பழக்கம் போகவில்லை என்பதை வருத்தத்துடன் சொல்லுகிறோம்.

நாம் புறப்படும்போது அந்தச் சிறுமி வாயிற்படியில் நின்றுகொண்டிருந்தாள். நாம் அன்று மாலையே போவதாக முன்னமே சொல்லிவிட்டதால் அவள் நம்மிடம் பிரியம் வைக்கவில்லை. அவளுடைய தாய் நத்தம் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் கூலி வேலை செய்கிறாள் என்று சமையற்காரம்மாள் சொன்னாள். திண்டுக்கல்லிலிருந்து நத்தத்துக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகாது.